கடைசிப் பெட்டி வந்து சேர்ந்ததா?

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமா. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் முப்பது வருஷங்களுக்கு மேலாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை நம் பத்திரிகையில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

1987-ஆம் வருஷம். மத்திய இந்தியாவில் ஒரு ஜங்ஷனில் நான் சிக்னல் இன்ஸ்பெக்டர். ஒரு நாள் நள்ளிரவு, பாயின்ட் கோளாறைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கலாசி ஒரு பையனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "ஸாப், உங்க ஊர்ப் பையன். ஹிந்தி தெரியலை" என்றார். பத்து வயது இருக்கும். மெட்ராஸ் சென்ட்ரலில் கண்ணில் பட்ட வண்டியில் ஏறியிருக்கிறான். ஊர் வட ஆற்காடு பக்கம் என்றான். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். காலில் சூடு வைத்த தழும்பு இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு மட்டும் வேண்டாண்ணே" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

அவனை ஓர் அறைக்கு அழைத்துப் போனேன். "இது எங்கள் வேலை இல்லை, பக்கத்து அறையில் கேளுங்கள்" என்றார்கள். பக்கத்து அறையில் முதல் அறையைக் கை காட்டினார்கள். கடைசியில் நாலு பேருமாகக் கூடி, தெற்கே போகும் வண்டியின் கார்டிடம் சொல்லி ஏற்றி அனுப்பினோம். ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதவில்லை. கார்டு மெட்ராஸ் வரை போகமாட்டார், வழியில் இரண்டு மூன்று இடங்களில் மாறுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த வீட்டுக்கு வேண்டாம் என்றானோ, அந்த வீட்டுக்கே அனுப்ப முயன்றோம் என்பதும் பின்னால்தான் உறைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே இரவில் அதே ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டியை நாங்கள் இப்படி அனுப்பியிருக்கமாட்டோம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் க்ளியர்' கொடுத்தால்தான் வண்டி கிளம்பும். அதற்கு ரகசிய எண் பரிமாற்றம் உண்டு, நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவதும் உண்டு. வண்டி அங்கே போனதும், கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று அதன் பின்பலகையையோ விளக்கையோ கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே, 'வந்து சேர்ந்தது' என்று திருப்பிச் சொல்வார்கள். அதுவரை அந்தப் பாதையில் வேறு வண்டி விடமுடியாது. நிலக்கரிக்கு இருந்த இந்த மரியாதை அந்தப் பையனுக்கு இல்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் நிறைய. 1996-இல் மும்பையில் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி தொடங்கியது. 2003-இல் செய்த சட்டத் திருத்தத்தால் பயணிகளின் பாதுகாப்பும் ரயில்வே பாதுகாப்புப் படையின் பொறுப்பாயிற்று. 2015-இன் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் கண்டெடுக்கப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு அது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் நல்லதா என்று விசாரித்து முடிவு செய்வது அதன் வேலை. வேறு மாநிலக் குழந்தையானால், சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொண்டு, துணைக்கு ஆள் போட்டு அனுப்ப வேண்டும். பெண் குழந்தையானால் பெண் போலீஸ் கூடப் போகவேண்டும். 'நமக்கேன் வம்பு' என்று நாம் ஒதுங்கவும் இடமில்லை. அப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்தவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தராமலிருப்பது குற்றம்.

நடைமுறையிலும் பலன் தெரிகிறது. 2018 முதல் 2024 மே வரை ஸ்டேஷன்களிலும் வண்டிகளிலும் 84,119 குழந்தைகளை மீட்டதாக ரயில்வே பாதுகாப்புப் படை அறிவித்தது. படையினரை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சிக்னல்காரனுக்கு வரும் கேள்வி வேறு. மீட்டது புறப்பட்ட ஸ்டேஷனின் கணக்கு. போய்ச் சேர்ந்த கணக்கு எங்கே?

ஒரு குழந்தை எத்தனை கை மாறுகிறது, பாருங்கள். பாதுகாப்புப் படை மத்திய அரசைச் சேர்ந்தது. ரயில்வே போலீஸ் மாநில அரசைச் சேர்ந்தது. பிறகு உதவி மையம், நலக் குழு, காப்பகம், துணைக்குப் போகும் போலீஸ், சொந்த மாவட்டத்துக் குழு என்று போகிறது. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே செய்யலாம். ஆபத்து இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒருங்கிணைப்பு என்றதும் கூட்டம் போட்டு, டீ குடித்து, போட்டோ எடுத்துக்கொள்கிறோம். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியம் ஓர் எளிய விதி: வாங்கிக்கொண்டவர் 'வந்து சேர்ந்தது' என்று எழுத்தில் சொல்லும் வரை, கொடுத்தவர் கோப்பை மூடக்கூடாது.

குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியே போகக்கூடாதே என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான், சட்டமும் அதைத் தடுக்கிறது. ஆனால் பெயர் எதற்கு? ஸ்டேஷன் மாஸ்டர்கள் எண்ணை வைத்துத்தானே பேசிக்கொள்கிறார்கள்? 'இந்த எண்ணுள்ள குழந்தை இன்ன தேதியில் எங்கள் குழுவிடம் வந்து சேர்ந்தது' என்ற ஒரு வரி, முதலில் மீட்ட கான்ஸ்டபிள் வரை திரும்பி வரட்டும். அது அவருக்கும் ஓர் ஊக்கம். தான் பிடித்த கை எங்கே போயிற்று என்றே தெரியாதவர், பத்தாவது தடவை கையை நீட்டத் தயங்குவார்.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கும் குழந்தை வாய் திறக்காது. ஹிந்தியில் கேட்டால் தலையைத்தான் ஆட்டும். அந்தப் பையன் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியத்தை அன்று வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. கேட்ட நானே அதை வீணாக்கினேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகளின்படி, மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்களின் பதிவேடு வைத்திருக்க வேண்டும். தமிழும் உள்ளூர் மொழியும் பேசுபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பெண்கள் ஐந்து பேர், ஆண்கள் ஐந்து பேர் முன்வந்தால், செயலாளர் அந்தப் பட்டியலை அலகுக்கும் நலக் குழுவுக்கும் முறைப்படி கொடுக்கலாம். அவர்கள் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளட்டும். அழைத்தால் போய், குழந்தை சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இரக்கப்பட்டுக் குழந்தையை நம் வீட்டுக்கு அழைத்து வருவதோ, நாமே டிக்கெட் எடுத்து ஏற்றிவிடுவதோ கூடாது. 1987-இல் நாங்கள் செய்த தவறு அது. 1098-க்குப் போன் செய்யுங்கள். ரயிலிலோ ஸ்டேஷனிலோ என்றால் 139-க்கும் சொல்லலாம்.

பட்டியலில் முதல் பெயராக என் பெயரைச் சேர்த்துக்கொள்ளும்படி செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.