தலையைக் குனிந்து போய் வா என்று இனியும் சொல்லி அனுப்பலாமா?

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் எங்கள் காலனியில் இருக்கும் இரவுப் பாடசாலை விண்ணப்பம் போடும் இடமாக மாறிவிடும். ஒரு மடிக்கணினி, ஒரு பழைய பிரிண்டர், நான்கைந்து தோழர்கள். மஞ்சள் பையில் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். நூறு நாள் வேலை முடித்துவிட்டு நேராக வந்தவர்கள், கட்டட வேலைக்குப் போய்விட்டு சிமென்ட் படிந்த காலோடு வந்தவர்கள். கல்லூரியின் வாசலைக்கூட மிதித்திராத அவர்கள் தங்கள் பிள்ளையை அங்கே அனுப்புவதற்காக வந்து நிற்கிறார்கள்.

போன ஆண்டு ஓர் அப்பா வந்திருந்தார். விண்ணப்பம் எல்லாம் முடிந்தது. மகனுக்கு அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கிடைக்கும்போல் இருந்தது. எழுந்து போகும்போது அவர் மகனிடம் சொன்னார்: "தலையக் குனிஞ்சு போ, தலையக் குனிஞ்சு வா. எவன் என்ன சொன்னாலும் வாயத் தொறக்காத. நாம படிக்கத்தான் போறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சொற்களைச் சொல்லித்தான் என் அப்பாவும் என்னை அனுப்பினார்.

அந்தச் சொற்களை நான் அப்படியே கடைப்பிடித்தேன். முதல் வாரம் வகுப்பில் "நீ எந்த ஊரு?" என்று கேட்டார்கள். ஊர் பெயரைச் சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார்கள். பிள்ளையார் கோயில் தெரு என்று பொய் சொன்னேன். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடந்த காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிறகு அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றவே நாள் போனது. யாரோடும் பேருந்தில் ஒன்றாக வரக்கூடாது, யாரையும் வீட்டுக்கு அழைக்கக்கூடாது, உதவித்தொகைப் படிவத்தை எல்லோர் முன்னாலும் வாங்கக்கூடாது. ஓர் ஆசிரியர் வகுப்பில் "ஸ்காலர்ஷிப் கேஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொன்ன நாளில் பொய் உடைந்தது. அதன் பிறகு ஒரு மாதம் நான் கல்லூரிக்குப் போகவில்லை. காலையில் கிளம்புவேன், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன், மாலையில் திரும்புவேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்று சொன்ன வீட்டில் எதைச் சொல்வது?

இது என் ஒருவனுடைய கதை அல்ல. நூறாண்டுக்கும் மேல் பழையது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் கோயம்புத்தூர் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் பழகாமல் விலகியிருந்தார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். பிற்காலத்தில் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்காகப் பேசிய மனிதர் அவர். அவருக்கே இந்த நிலை என்றால், இன்று முதல் நாள் கல்லூரிக்குப் போகும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

பெற்றோரின் அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். அந்த அச்சத்தைக் கேலி செய்யும் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த பெண்ணோடு கோயிலுக்குப் போனதற்காக 2015 ஜூனில் கொல்லப்பட்டு ரயில் தண்டவாளத்தில் போடப்பட்டார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கரும் பொறியியல் மாணவர்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இதையெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா "எந்தப் பொண்ணுகிட்டயும் பேசாதடா" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்?

ஆனால் நாங்குநேரியை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அந்த மாணவன் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்தான். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பள்ளிக்குப் புகார் போனது. புகார் போனதும் அவனைக் காக்க வேண்டிய பொறுப்பு பள்ளிக்கும் அரசுக்கும் இருந்தது, அவர்கள் தவறினார்கள். புகார் கொடுத்ததால்தானே வெட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. குற்றத்தைப் பிள்ளையின் வாயில் தேடும் கேள்வி அது. வெட்டியவனின் கையில்தான் தேட வேண்டும். அந்த மாணவன் பிளஸ் டூவில் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கிக் கல்லூரிக்குப் போனான் என்பதையும் பெற்றோர்களிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தியைப் பலர் கவனிக்கவில்லை.

ஆகவே நான் இப்போது பெற்றோர்களிடம் சொல்வது இதுதான். "வாயைத் திறக்காதே" என்று சொல்ல வேண்டாம். "வெளியில் எங்கே பேசுவது, எங்கே பேசாமல் இருப்பது என்பதை நீயே முடிவு செய். ஆனால் என்ன நடந்தாலும் அன்று ராத்திரி என்னிடம் சொல்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு கேட்கவும் வேண்டும். பிள்ளை ஒன்றைச் சொல்லும்போது, "நீ என்ன பண்ணுன?" என்பது நம் வாயில் முதலில் வருகிறது. அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். அம்மாக்கள் இதில் கெட்டிக்காரர்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்பார்கள். அப்பாக்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதைக் கவனிப்பது என்று கேட்கிறார்கள். பிள்ளை திடீரெனக் காலை வகுப்புக்குக் கிளம்பத் தயங்கினால், அடையாள அட்டையைப் பைக்குள் மறைத்தால், நண்பர்கள் யார் என்று கேட்டால் எரிந்து விழுந்தால், அது திமிர் அல்ல. உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இனி பணத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் அவமானமும் பணமும் ஒன்றாகச் சேர்ந்து வருவதுதான்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிள்ளையின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே தயார் செய்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு கொடுத்தோமே என்று இருந்துவிடக்கூடாது. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவப் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டில் இந்த உதவி உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். அது பிள்ளையின் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வரும் பணம். குழுக் கடன் தவணைக்கு அதை எடுத்துவிடாதீர்கள். எடுக்கவேண்டிய நிலை எனக்குத் தெரியாமல் இல்லை, இருந்தும் சொல்கிறேன்.

தனியார் கல்லூரி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். முடிவு வந்த மறுநாளே ஏஜென்ட்கள் காலனிக்குள் வந்துவிடுகிறார்கள். "எஸ்.சி. பிள்ளைக்கு எல்லாம் இலவசம்மா" என்று சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிறகுதான் பிள்ளையை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்திருப்பது தெரியவரும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. கட்டணம் கட்டு, இல்லையென்றால் சான்றிதழ் தரமாட்டோம் என்று நிற்பார்கள். கலந்தாய்வு வழியாகச் சேருங்கள். எந்த ஏஜென்டிடமும் அசலைக் கொடுக்காதீர்கள். 2012-இல் வந்த அரசாணை 92-ஐ ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பது பற்றிய ஆணை அது. பின்னால் வந்த ஆணைகளும் ஒன்றிய அரசின் புதிய விதிகளும் அதில் வெட்டு வைத்துவிட்டன. அதை எதிர்ப்பது இயக்கத்தின் வேலை. ஆனால் அலுவலகத்தில் ஒரு தாளைக் காட்டிக் கேட்கும் பெற்றோரிடம் குரல் உயர்த்த எந்தக் குமாஸ்தாவும் கொஞ்சம் யோசிப்பார், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உதவித்தொகை தாமதமாகும். அதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், பிள்ளையிடமும் சொல்லி வைக்க வேண்டும். 2016 சனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருந்தது. அரசு தாமதித்தால் அது அரசின் கடன். அந்தக் கடனை நம் பிள்ளை தன் மேல் சுமக்கக்கூடாது. இப்போது பல பையன்கள் அந்த இடைவெளியை அடைக்க முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள், இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்குகிறார்கள். வீட்டில் கேட்டால் நண்பன் வீட்டில் படித்தேன் என்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜியைப் பற்றி நம் மேடைகளில் குறைவாகவே பேசுகிறோம். பம்பாயில் பரேல் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில், மகன் தூங்க இடம் வேண்டும் என்று இரவு 2 மணி வரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டுத்தான் அவர் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்துக்குப் பணம் இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் அதே மகனுக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார் அங்கிருந்த உணவகக்காரர். அந்த அவமதிப்பை ராம்ஜியால் தடுக்க முடியவில்லை. ஆனால் மாலையில் மகன் திரும்பி வர ஓர் அறையும், அந்த அறையில் அவனுக்காக விழித்திருக்கும் ஓர் ஆளும் இருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருப்பதும் நம்மிடம் உள்ள பழக்கம். கூலி போய்விடும் என்பது ஒரு காரணம். "நாம போய் என்னத்தப் பேசறது" என்பது இன்னொன்று. சில பிள்ளைகளே வரவேண்டாம் என்கிறார்கள். அம்மாவின் சேலையைப் பார்த்துத் தெரு தெரிந்துவிடுமாம். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் போங்கள். தனியாகத் தயக்கமாக இருந்தால் நம் பகுதியில் இருந்து இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போங்கள். துறைத்தலைவர் பெயரையும், உதவித்தொகைப் பிரிவில் யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாகுபாடு பற்றிய புகாரைப் பெற ஒவ்வொரு கல்லூரியும் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே விதி வகுத்திருக்கிறது. அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் அந்தக் கேள்வியை இதற்கு முன் எந்தப் பெற்றோரும் கேட்டிருக்கமாட்டார்கள். ராகிங் என்றால் 1800-180-5522, வன்கொடுமை என்றால் 14566. இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசியாக அரியர். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகம் சுவராகத் தெரியும். ஒன்றிரண்டு தாள்கள் போகும். எல்லாச் சாதியிலும் போகும். நம் பிள்ளைக்குப் போனால் மட்டும் "இட ஒதுக்கீட்டில் வந்தவன்" என்பார்கள். வீட்டிலும் "உன்னையெல்லாம் படிக்க வச்சதுக்கு" என்று தொடங்கினால் அவன் எங்கே போவான்?

சென்ற டிசம்பர் முடிந்து தேர்வு முடிவு வந்த ஒரு மாலையில் அந்த அப்பா மறுபடியும் பாடசாலைக்கு வந்தார். கூட மகனும். "தம்பி, இவனுக்கு ரெண்டு பேப்பர் போச்சாம். அவனே வந்து சொன்னான். திரும்ப எழுத எங்க பணம் கட்டணும்?" என்று கேட்டார். மகன் தலையை நிமிர்த்தித்தான் நின்றிருந்தான். கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று சொன்னேன். வேதியியல் சொல்லித்தர மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள் என்றும் சொன்னேன். அப்பா மஞ்சள் பையில் இருந்து பேனாவை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி மகனிடம் கொடுத்தார்.