மறு ஆட்டத்தை மீட்டுத் தர வேண்டும்

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் நடத்திவரும் எஃப். ஏ. கோப்பைப் பந்தயம், உலகிலுள்ள தேசியக் கால்பந்துப் பந்தயங்கள் அனைத்திலும் மூத்தது என்பதும், தோற்றவர் அன்றோடு வெளியேற வென்றவர் மட்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்லும் அதன் முறையைப் பிற தேசங்கள் பலவும் பின்னர் மேற்கொண்டன என்பதும், அவ்வாட்டத்தில் ஈடுபாடுடையோர் நன்கறிந்த செய்திகளே. அப்பந்தயத்தில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நிலைத்திருந்த ஒரு சம்பிரதாயம், அதாவது ஆட்டம் சமமாக முடிந்தால் இரு கோஷ்டிகளும், வெளியூரிலிருந்து வந்த கோஷ்டியின் மைதானத்தில் இன்னொரு நாள் மீண்டும் மோதவேண்டும் என்ற ஏற்பாடு, 2024 ஏப்ரல் மாதத்தில் வெளியான ஓர் அறிவிப்பினால் முதற் சுற்றிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டது. இனி ஆட்டம் சமமாக நின்றால், அன்றைக்கே அரைமணி கூடுதல் நேரம். அதிலும் தீராவிட்டால் பெனால்டி உதைகள். கால அட்டவணையின் சௌகரியத்தை மட்டும் கருதுவோருக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கோப்பைக்கு எவரால் பெருமை வந்ததோ அவர்களிடமிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும் காரியம் இது என்று நான் கருதுகிறேன்.

1871-ஆம் வருஷத்தில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த சார்லஸ் ஆல்காக், தாம் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்துவந்த போட்டியை மனத்திற்கொண்டு இப்பந்தயத்தைப் பிரேரேபித்தபோது, பதினைந்து கழகங்களே அதில் சேர முன்வந்தன. அவற்றுள் ஒன்றான கிளாஸ்கோ நகரத்துக் குவீன்ஸ் பார்க், 1872 மார்ச்சில் லண்டனுக்கு வந்து, அரையிறுதியில் ஆல்காக்கின் வாண்டரர்ஸ் கோஷ்டியோடு கோலின்றிச் சமமாக ஆடிய பிறகு, மறு ஆட்டத்துக்கு மீண்டும் வருவதற்குக் கையில் பணமில்லாமையால் பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டது. வாண்டரர்ஸ் இறுதிக்குச் சென்று முதற் கோப்பையையும் வென்றது. மறு ஆட்டம் என்றால் ஏழைக் கழகம் அஞ்சிய காலம் அது. பின்னர் வாயிலில் வசூலாகும் தொகையில் செலவு போக எஞ்சியதை இரு கழகங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டதும், அதே மறு ஆட்டம் ஏழைக் கழகத்தின் ஜீவாதாரமாக மாறிவிட்டது.

எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதற்கு எக்ஸிடர் நகரத்தைப் பார்த்தாலே போதும். 2005-இல், கடனில் மூழ்கி ஐந்தாம் பிரிவுக்கு இறங்கி, ரசிகர்களே கூடி அமைத்த ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அந்தக் கழகம், மூன்றாம் சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டு மைதானத்துக்குச் சென்று, 67,000-க்கும் மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில் ஒரு கோல்கூட விடாமல் ஆட்டத்தைச் சமமாக்கித் திரும்பியது. பதினொரு நாள் கழித்துத் தன் சொந்த மைதானத்தில் ரொனால்டோ, ரூனி ஆகியோர் போட்ட இரண்டு கோல்களால் அது தோற்றது என்பது வாஸ்தவம். ஆயினும் அவ்விரண்டு ஆட்டங்களும் ஈட்டித் தந்த பணம் கழகத்தின் கடனைத் தீர்த்து அதை நிமிர்த்தியது. இன்றைக்கும் எக்ஸிடர் ரசிகர்களின் உடைமையாகவே இருந்துவருகிறது.

பணத்தை விட்டுவிட்டாலும், இப்பந்தயத்தின் புகழுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் கதைகளிலேயே தலையாயது ஒரு மறு ஆட்டத்தின் கதையன்றோ! 1972-இல், நாட்டின் பிரதான லீக்கில் இடமே பெறாத ஹெரஃபர்டு யுனைடெட், முதற் பிரிவைச் சேர்ந்த நியூகாசில் யுனைடெட்டை அதன் ஊரிலேயே இரண்டுக்கு இரண்டு என்று நிறுத்திவிட்டுவந்தது. மழையால் மறு ஆட்டம் பலமுறை தள்ளிப்போய்க் கடைசியில் பிப்ரவரி 5-ஆந்தேதி ஹெரஃபர்டின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் நடந்தபோது, 14,000-க்கும் மேற்பட்டோர் அச்சிறு மைதானத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் மரக்கிளைகளில் ஏறியிருந்தார்கள். தரையெல்லாம் சேறு, பந்து குதிக்கவேண்டிய இடத்தில் புதைந்து நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் மால்கம் மெக்டொனால்டு தலையால் முட்டி நியூகாசிலுக்கு ஒரு கோல் போட்டுவிட, எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிய வேளையில், தச்சுவேலை பார்த்துக்கொண்டே பந்தாடிவந்த ரானி ராட்ஃபர்டு, சேற்றிலிருந்து எழும்பிய பந்தை முப்பது கஜத்துக்கு அப்பாலிருந்து ஓங்கி உதைத்தார். அது வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. கூடுதல் நேரத்தில் ரிக்கி ஜார்ஜ் போட்ட கோலால் ஹெரஃபர்டு வென்றது. அந்தக் கோடையிலேயே லீக்கில் இடமும் பெற்றது. இப்பந்தயத்தைப் பற்றித் தொலைக்காட்சியார் விளம்பரம் செய்யும்போதெல்லாம் ராட்ஃபர்டின் அந்த உதையைத்தான் காட்டுகிறார்கள். அந்த உதைக்கு இடமளித்த விதியை எடுத்துவிட்டு, உதையை மட்டும் காட்டிக்கொண்டிருப்பது எந்த விதத்தில் நியாயம்?

புதிய விதியின் பலன் இன்னதென்று தெரிவதற்கு ஒரு வருஷங்கூட ஆகவில்லை. 2025 ஜனவரி 12-ஆந்தேதி, ஐந்தாம் பிரிவிலுள்ள டாம்வொர்த்தின் மைதானத்துக்கு, நாட்டின் தலைமைப் பிரிவான பிரீமியர் லீக்கைச் சேர்ந்த டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் வந்தது. அந்த மைதானத்தில் ஏறத்தாழ நாலாயிரம் பேர்தான் கொள்வார்கள். தரை செயற்கைப் புல். கோல் வலையிலிருந்த கிழிசலைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டடங்களைச் சோதித்து மதிப்பிடும் உத்தியோகத்திலிருந்த ஜாஸ் சிங் கோலைக் காத்தார். அவரைப் போலவே வேறு தொழிலும் பார்ப்பவர்கள் நிறைந்த அந்தக் கோஷ்டி, தொண்ணூறு நிமிஷமும் டாட்டன்ஹாமுக்கு ஒரு கோலும் கொடாமல் நின்றது. ஒரு வருஷத்துக்கு முன்னராயிருந்தால், 62,000 பேருக்கு மேல் கொள்ளும் டாட்டன்ஹாமின் புது அரங்கத்தில் மறு ஆட்டமும், அதன் வசூலில் பங்கும், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க ஓர் இரவும் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். புதிய விதியோ, முழு நேரப் பயிற்சியில்லாத அந்தக் கால்களை இன்னும் அரைமணி ஓடச் சொன்னது. அந்த அரைமணியில் மூன்று கோல்கள் விழுந்தன. விருந்துக்கு அழைத்து இலை போட்டவன், பாயசம் வருமுன்னே பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட கதைதான் இது.

இம்மாற்றத்தை ஆதரிப்போர் சொல்லும் நியாயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கின் முதற் கட்டத்தில் ஆறாக இருந்த ஆட்டங்கள் 2024 முதல் எட்டாகிவிட்டன. கழகங்களுக்கான உலகக் கோப்பையும் முப்பத்திரண்டு கோஷ்டிகளோடு விரிந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் தேகம் இரும்பாலானதன்று. ஆனால் இந்தச் சுமைகளைக் கூட்டியவர்கள் யாவர்? டாம்வொர்த்தும் எக்ஸிடரும் அல்லவே! மேலே ஏற்றிய பாரத்துக்காகக் கீழேயுள்ளவன் தன் பங்கை இழக்க வேண்டுமென்பது நீதியாகாது. அன்றியும், முதலிரண்டு சுற்றுகளில் பிரீமியர் லீக் கழகம் ஒன்றுகூட ஆடுவதில்லை. அவை மூன்றாம் சுற்றில்தான் பந்தயத்துக்குள் வருகின்றன. அப்படியிருக்க, அவற்றின் களைப்பைக் காரணங்காட்டி, அவை ஆடாத சுற்றுகளிலும் மறு ஆட்டத்தை ஒழித்ததற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? பிரீமியர் லீக்கார் அடிமட்டக் கால்பந்துக்கு வருஷந்தோறும் கூடுதலாகப் பணம் தருவதாக இம்மாற்றத்தைக் குறித்துச் சங்கத்தாரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வாக்களித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மேலிருந்து அளிக்கப்படும் மானியத்துக்கும், ஒரு கோஷ்டி தன் கால்பலத்தால் வென்றெடுக்கும் வருமானத்துக்கும் உள்ள வேற்றுமை, கௌரவமுள்ள எந்தக் கழகத்துக்கும் தெரியும். தங்களை முறையாகக் கலந்துகொள்ளாமலே முடிவு செய்துவிட்டார்கள் என்று கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பல அப்பொழுதே முறையிட்டதற்கும் இந்தக் கௌரவமே காரணம்.

மறு ஆட்டம் இல்லாமலும் அதிசயங்கள் நிகழ்கின்றனவே என்பார்கள். நிகழ்கின்றன. 2025 மே மாதத்தில், அதுவரை பெருங்கோப்பை எதையும் வென்றிராத கிரிஸ்டல் பாலஸ் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை வென்றபோது மகிழாதவர் குறைவு. ஆனால் பாலஸ் பிரீமியர் லீக்கின் கழகம். அதன் வெற்றி ஐந்தாம் பிரிவுக்காரனின் நஷ்டத்தை ஈடுசெய்யாது.

பழையபடி எல்லாச் சுற்றுகளிலும் மறு ஆட்டம் வைக்கும்படி நான் கேட்கவில்லை. இறுதியாட்டத்துக்கு மறு ஆட்டம் 1993-லும், அரையிறுதிக்கு 1999-லும் கடைசியாக நடந்தன. அவை போனதில் எனக்குப் பெரிய குறையில்லை. முதலிரண்டு சுற்றுகளுக்கு அந்த விதியை உடனே திருப்பித் தரட்டும். மூன்றாம், நான்காம் சுற்றுகளில், தன்னினும் மேற்பிரிவிலுள்ள கழகத்தைத் தொண்ணூறு நிமிஷம் சமமாக நிறுத்திய கழகத்துக்கு, அன்றே கூடுதல் நேரம் ஆடுவதா, மறு ஆட்டம் கேட்பதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அளிக்கட்டும். அடுத்த பருவத்தின் விதிகளை வகுக்கச் சங்கத்தார் அமரும்போது இவ்விரண்டையும் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இம்முறை முடிவு செய்வதற்கு முன்னரே கீழ்ப்பிரிவுக் கழகங்களின் பிரதிநிதிகளையும் அழைத்து உட்காரவைக்க வேண்டும்.