படம் புதுசு, விலை பழசு!

உங்கள் செல்போன் உங்களிடம் பொய் சொல்கிறது என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். அது பொய் சொல்வதில்லை. நேற்று உண்மையாக இருந்ததை இன்றைக்கும் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால், மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சவரிக்காடு, வடகவுஞ்சி என்று வளைந்து வளைந்து போய் பெருமாள்மலைப் பக்கம் வத்தலக்குண்டு ரோட்டோடு சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மண் சரியும், மரம் சாயும், போக்குவரத்து நிற்கும். வடகவுஞ்சிக்காரர் ஒருவர் கீழே சந்தைக்குக் கிளம்பும் முன் ‘ரோடு திறந்திருக்கா’ என்று போனில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கென்று ஏதோ ஒரு துறை ஒரு பக்கம் நடத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். (ஆசைப்படுவதற்கு வரியா போடப்போகிறார்கள்!)

‘பாதை திறந்துள்ளது’ என்கிறது பக்கம். ஜீப்பில் வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். பாதி வழியில் மண்மேடு. விசாரித்தால், அதிகாரி விடியற்காலையிலேயே ‘பாதை மூடல்’ என்று மாற்றிவிட்டாராம். இவருடைய போன் மூன்று நாள் முன்னால் வாங்கிவைத்த பக்கத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறது.

யார் மேல் தப்பு?

‘ரெஃப்ரெஷ் பண்ணிப் பார்த்திருக்கணும் சார். கேஷ் கிளியர் பண்ணிட்டீங்களா?’

இந்தப் பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் இருக்கிற எந்த அலுவலகத்தில் சந்தேகம் கேட்டாலும் கிடைக்கிற பதில் இது. இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் கேஷ் என்றால் என்ன? கவுன்டரில் கட்டுகிற கேஷ் இல்லை. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி ஒன்று. கடுகு, சீரகம் வேண்டும்போதெல்லாம் மளிகைக்கடைக்கு ஓட முடியாது என்று வாங்கிவைக்கிறோம் இல்லையா? அதுபோல, ஒருமுறை சர்வரிலிருந்து இறக்கிய பக்கத்தை, படத்தை பிரவுசர் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மறுபடி அதையே கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நேரம் மிச்சம், டேட்டா மிச்சம், சர்வருக்கும் மூச்சு விட இடம். அருமையான ஏற்பாடு.

சிக்கல் எங்கே வருகிறது? கடுகையும் பாலையும் ஒரே பெட்டியில் போடும்போது.

எது கடுகு, எது பால் என்று பிரவுசருக்குத் தெரியாது. சர்வர்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு பக்கத்தோடும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சீட்டு ஒட்டி அனுப்பலாம். ‘கேஷ்-கன்ட்ரோல்’ என்று பெயர். 1997-ல் வந்த ஹெச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இது உண்டு. 2022-ல் அந்த விதிகளைத் துடைத்துத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ‘நோ-ஸ்டோர்’ என்று எழுதினால், எடுத்தே வைக்காதே என்று அர்த்தம். ‘நோ-கேஷ்’ என்று எழுதினால், வைத்துக்கொள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேள் என்று அர்த்தம். (பெயரைப் பார்த்தால் தலைகீழாகப் புரியும். அதுவும் ஒரு கஷ்டம்.) ‘மேக்ஸ்-ஏஜ்’ என்று நொடிக்கணக்குப் போட்டால், அத்தனை நொடிவரை கேட்காமலே கொடுக்கலாம்.

ஒரே ஒரு வரிதான். அதை எழுதாமல் விட்டால்?

பிரவுசர் குத்துமதிப்பாகக் கணக்குப் போடும். கடைசியாக எப்போது மாற்றிய பக்கம் என்று பார்த்து, அதன் வயதில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ‘இது கெடாது’ என்று எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ள கணக்கு. அதாவது, 60 நாளாக மாறாமல் கிடக்கிற பக்கத்தை 6 நாள் வரை மறுபடி கேட்காமலே காட்டலாம்.

இப்போது மறுபடி அந்த மலைப்பாதைக்கு வாருங்கள். வெயில் காலம் முழுக்கச் சரிவு இல்லை. ‘பாதை திறந்துள்ளது’ என்ற பக்கத்தை இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை. அதனாலேயே பிரவுசருக்கு அதன் மேல் நம்பிக்கை கூடிவிட்டது! சரிவு நடக்கிற அன்றைக்கு, எந்தப் பக்கம் உடனடியாக மாறவேண்டுமோ அதைத்தான் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இது வடகவுஞ்சிக்காரரின் தப்பா? சீட்டு ஒட்டாமல் அனுப்பியவரின் தப்பா?

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பக்கங்களில் இது இன்னும் மோசம். இத்தனை இடம் மிச்சம், இன்றைய விலை இது, உங்கள் மனு இன்ன நிலையில் என்று காட்டும் பக்கங்கள் பின்னணியில் சர்வரை அடிக்கடி கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்கும். ‘இப்போதானே கேட்டே? இந்தா அதே பதில்’ என்று பிரவுசர் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினால் முடிந்தது கதை. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இதில் பேர் போனது. 2012-ல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 6 வந்தபோது, படிவம் அனுப்புகிற வகைக் கோரிக்கைகளுக்குக்கூட பழைய பதிலைக் கொடுத்து உலகம் முழுக்க புரோகிராமர்களை அலறவிட்டது.

அலறிய புரோகிராமர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முகவரிக்குப் பின்னால் அந்த நொடியின் நேரத்தை ஒரு வாலாக ஒட்டிவிடுவது. வால் மாறுவதால் பிரவுசருக்கு அது புது முகவரி. பெட்டியில் தேடாது, நேரே சர்வருக்குப் போகும். 2006-ல் வந்த ஜேக்வெரி என்ற பிரபலமான நிரல் தொகுப்பில் இந்த வாலை ஒட்ட தனி வசதியே உண்டு. சின்னத் தகவலுக்கு, வேறு வழியில்லாதபோது, பரவாயில்லை.

ஆனால், நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? ஒருமுறை திட்டு வாங்கியதும், ‘எதுக்கு வம்பு’ என்று எல்லாவற்றுக்கும் வாலை ஒட்டிவிடுகிறார்கள். முத்திரை, எழுத்துரு, சிரித்துக்கொண்டிருக்கும் மந்திரி படம், ஓடும் பேனர் அத்தனையும் ஒவ்வொரு தடவையும் புத்தம் புதிதாக இறங்குகிறது. பால் கெட்டுப்போச்சு என்று அஞ்சறைப்பெட்டியையே தூக்கிக் குப்பையில் போட்ட கதை.

சென்னையில் ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிறவருக்கு இது தெரியாது. மலைச்சரிவில் ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்கிறவருக்குத் தெரியும். கணக்குப் போடுவோம். அலங்காரம் மட்டும் 20 லட்சம் பைட் என்று வையுங்கள். 160 லட்சம் பிட். நொடிக்கு ஒரு லட்சம் பிட் வருகிற பலவீனமான இணைப்பில் 160 நொடி. அவர் கேட்டது ஒரு விலை. அது 200 பைட்கூட இருக்காது. கண் சிமிட்டுவதற்குள் வந்திருக்கும். அந்த ஒரு எண்ணுக்காகக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நிமிடம் மந்திரியின் சிரிப்பு வரி வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். டேட்டா காசும் அவருடையது.

இதில் கொடுமை என்னவென்றால், சில பக்கங்களில் இது தலைகீழாகவே நடக்கிறது. படத்துக்கு வால் ஒட்டியிருக்கும், விலைக்கு இருக்காது. படம் புதுசு, விலை பழசு!

‘இதெல்லாம் சின்ன டெக்னிக்கல் விஷயம். இதுக்கு ஒரு கட்டுரையா?’ என்று நீங்கள் கேட்கலாம். 2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலை. 18 முதல் 44 வயதுக்காரர்கள் தடுப்பூசிக்கு கோவின் தளத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றார்கள். ஊசி குறைவு, கேட்கிறவர்கள் கோடிக்கணக்கில். இடம் திறந்தால் நிமிடங்களில் காலி. எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, சென்னை புரோகிராமர் ஒருவர் உட்பட நாடு முழுக்கப் பலர் சொந்த முயற்சியில் எச்சரிக்கைச் சேவைகளை நடத்தினார்கள். அவர்கள் தகவல் எடுத்தது, அரசு வெளியாருக்குத் திறந்துவிட்டிருந்த பொது வழியில். அந்த வழியில் ஒரு முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 முறைதான் கேட்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. கூடவே, வருகிற தகவல் சேமித்துவைத்தது, 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்ற அறிவிப்பும் வந்தது.

நிமிடங்களில் காலியாகிற பொருளுக்கு, அரை மணி நேரப் பழைய பட்டியல்!

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பழையதாக இருக்கலாம் என்பதையாவது எழுதிச் சொன்னார்கள். அந்த நேர்மை நம் பெரும்பாலான பக்கங்களில் கிடையாது. ஆனால், உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரிசையில், எத்தனை நிமிடப் பழமை தாங்கும் என்பதை முடிவு செய்வது வெறும் கம்ப்யூட்டர் வேலை இல்லை. அது அரசாங்க முடிவு. யார் முன்னால் நிற்கலாம், யார் பின்னால் நிற்கவேண்டும் என்ற முடிவு. அந்த மே 31-ம் தேதி உச்ச நீதிமன்றமே டிஜிட்டல் வசதி இல்லாத கிராமத்து மக்கள் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று மத்திய அரசைக் கேட்டது. போன் இல்லாதவர் பற்றிக் கேட்டாயிற்று. போன் இருந்தும் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் பற்றி யார் கேட்பது?

மலைக்கும் இந்த வரிசை வந்துவிட்டது. ஐகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. வரம்பு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த அன்றே, ‘இன்னும் எத்தனை மிச்சம்?’ என்ற கேள்வி பால் ஆகிவிட்டது. அதைக் கடுகுப் பெட்டியில் வைக்கக்கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்கோ பிரவுசிங் சென்டருக்கோ போகிறார்கள். நூறு பேர் தொடுகிற ஒரே கம்ப்யூட்டர். சாதிச் சான்றிதழ், ஆதார், பட்டா விவரம் உள்ள பக்கத்தில் ‘நோ-ஸ்டோர்’ இல்லாவிட்டால், அடுத்து உட்காருகிறவர் பின்னோக்கிப் போகும் பட்டனை அழுத்தினாலே முந்தியவரின் ஜாதகம் வந்து நிற்கலாம். பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் தாக்குதலைச் சமாளிக்க அவசரமாகச் செய்த கேஷ் ஏற்பாடு பிசகி, ஒருவர் கணக்குப் பக்கம் இன்னொருவர் திரையில் வந்தது. சுமார் 34 ஆயிரம் பேர் விவரம் அப்படி வெளியே போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

‘எல்லாவற்றையும் புதிதாகக் கொடுத்தால் சர்வர் படுத்துவிடும்’ என்பார்கள். பரீட்சை முடிவு நாளில் படுத்த சர்வர்களை நாமும் பார்த்திருக்கிறோம். நியாயமான வாதம்தான். அதற்குத்தான் பாலையும் கடுகையும் பிரிக்கச் சொல்கிறேன். படத்தை ஒரு வருடம் வைத்துக்கொள்ளட்டும். படம் மாறினால் (மந்திரி மாறினால்) கோப்பின் பெயரை மாற்றினால் போதும். பக்கத்துக்கு ‘கேட்டுவிட்டுக் கொடு’ என்று சீட்டு ஒட்டட்டும். ‘மாறவில்லை’ என்றால் சர்வர் இரண்டு வரி பதில் சொன்னால் தீர்ந்தது. மிச்ச எண்ணிக்கையை சர்வர் தன் பக்கத்தில் 5 நொடி சேமித்துக்கொள்ளட்டும். லட்சம் பேர் கேட்டாலும் கணக்குப் பார்ப்பது 5 நொடிக்கு ஒரு தடவைதான். இதற்கெல்லாம் புது மெஷின் வேண்டாம். சில வரிகளும், கொஞ்சம் அக்கறையும் போதும்.

எனவே, அரசுத் தளங்களை எழுதி வாங்குகிற அதிகாரிகளே, டெண்டரில் மூன்று நிபந்தனை சேருங்கள். ஒன்று: ஒவ்வொரு தகவலும் எவ்வளவு நேரம் செல்லும் என்று துறையே எழுதிக் கொடுக்கவேண்டும், பிரவுசரின் குத்துமதிப்புக்கு விடக்கூடாது. இரண்டு: விலை, இடம், பாதை, மனு நிலை எதைக் காட்டினாலும், அது எந்தத் தேதி, எத்தனை மணி நிலவரம் என்று பக்கத்திலேயே அச்சாகவேண்டும். பால் பாக்கெட்டில்கூடத் தேதி போடுகிறார்களே! மூன்று: பில் பாஸ் ஆகுமுன், மலையில் சிக்னல் குறைந்த ஓர் ஊரில், சாதாரண போனில், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டவேண்டும். வடகவுஞ்சிக்கு பஸ் இருக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த தடவை ‘கேஷ் கிளியர் பண்ணுங்க’ என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு வராதீர்கள். ‘இந்தப் பக்கத்தில் தேதி, நேரம் ஏன் இல்லை?’ என்று எழுதிக் கேளுங்கள்; எழுத்தில் பதில் வாங்குங்கள். ரெஃப்ரெஷ் பண்ணவேண்டியது உங்கள் போனை அல்ல.