பொம்மைத் துப்பாக்கியின் எடை

“எல்லாரும் கையைத் தூக்குங்க!” என்று பையன் கத்தினான். ஒருவரும் தூக்கவில்லை. பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு காட்சி முடிந்தது.

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய பண்டகசாலை. இங்கே அதைப் பாண்டிகசாலை என்கிறார்கள். ஒரு வாசல் ரோட்டில் திறக்கும், மற்றது காயலில். மூட்டைகள் காலியாகி வருடங்கள் ஆகியும் சுக்கு வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. சென்ற மழைக்காலத்தில் நான்கு நாள் நடிப்புப் பயிற்சிக்கு அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் பாடம் பணயக்கைதிக் காட்சி. பக்கத்துத் தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு துப்பாக்கி செய்து வாங்கினோம். மழை ஈரத்தில் கறுப்பு பெயின்ட் சரியாகக் காயவில்லை, தொட்டால் கையில் ஒட்டியது. கத்திய பையன் ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் டோபிக்கானா பக்கத்தவன். தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம் அது. குரல் வளம் உள்ள பையன்தான். ஆனால் துப்பாக்கி கைக்கு வந்த நொடியிலிருந்து அவன் நடிக்கவில்லை, துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அன்று இரவு எல்லோரையும் உட்காரவைத்து ‘பட’ பார்த்தோம். கமல் கே.எம். இயக்கி 2022 மார்ச் 10 அன்று வெளியான மலையாளப் படம். ‘பட’ என்றால் படை. நம் வாசகர்களில் பலர் அதை அரசியல் படமாகப் பார்த்திருப்பார்கள். அது அரசியல் படமும்தான். நடிகனுக்கு அது வேறொன்று. பணயக்கைதிக் காட்சியில் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நம் பக்கத்து மொழியில் எடுக்கப்பட்ட முழுநீளப் பாடம் அது என்று நான் சொல்வேன்.

நடந்த கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பழங்குடிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத் தர கேரளத்தில் 1975-லேயே சட்டம் வந்தது. ஏட்டோடு நின்றது. நீதிமன்றம் நெருக்கிய பிறகு, நிலத்தைத் திருப்புவதற்குப் பதில் சட்டத்தையே திருத்தினார்கள். 1996 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவர்தான். அடுத்த மாதம், அக்டோபர் 4 அன்று, அய்யங்காளிப் படை என்று தங்களை அழைத்துக்கொண்ட நால்வர் பாலக்காடு கலெக்டர் அலுவலகத்துக்குள் போய், கலெக்டர் டபிள்யூ.ஆர். ரெட்டியை அவருடைய அறையிலேயே பிடித்துவைத்தார்கள். திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பது கோரிக்கை. வெளியே போலீஸ், பத்திரிகைக்காரர்கள், கூட்டம். இடையில் மத்தியஸ்தர்கள். ஒருவர் உயிரும் போகாமல் அது முடிந்தது. அவர்கள் கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி என்பதும், வெடிகுண்டு என்று காட்டியது வெடிகுண்டே அல்ல என்பதும் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

நம் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கடைசித் தகவலில் கொஞ்சம் நிற்க வேண்டும். படப்பிடிப்பில் நம் கையில் கிடைப்பது எப்போதும் டம்மிதான். ஃபைபரில் வார்த்தது, மரத்தில் செதுக்கியது, சில கம்பெனிகளில் பாதி உடைந்து செலோடேப் சுற்றியது. அதை நிஜமாக்குவது நடிகன் வேலை. (நிஜத் துப்பாக்கியை செட்டுக்குக் கொண்டுவந்தால் நடிப்பு நிஜமாகும் என்று நினைப்பவர்கள் 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இறந்ததை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.) ‘பட’த்தில் அந்த வேலை இரண்டு மடங்கு. கதாபாத்திரத்துக்கே தெரியும், கையில் இருப்பது பொம்மை என்று. கலெக்டர் அறையில் அந்த நால்வரும் செய்தது நாம் தினமும் செய்கிற வேலையைத்தான். ஒரு வித்தியாசம், அவர்களுக்கு ரீடேக் கிடையாது.

அப்படியானால் அந்தப் பாத்திரத்தை எப்படி நடிப்பது? துப்பாக்கி பொய் என்பதை முகத்தில் காட்டினால் கதை அங்கேயே உடையும். துளியும் காட்டாமல் முழுப் பயங்கரவாதியாக நின்றால், இரண்டாம் முறை பார்ப்பவன் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான். இரண்டுக்கும் இடையில் ஒரு நூலிழை இருக்கிறது. குஞ்சாக்கோ போபன், ஜோஜு ஜார்ஜ், விநாயகன், திலீஷ் போத்தன் நால்வரும் அந்த நூலில்தான் நடக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக.

விநாயகனிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் அவரைப் பலருக்கு ‘ஜெயிலர்’ வர்மனாகத்தான் தெரியும். அடுத்த நொடி என்ன செய்வான் என்று தெரியாத ஆள் வர்மன். பயம் அதனால்தான் வருகிறது. இங்கே அந்தக் கருவியைக் கீழே வைத்துவிடுகிறார். சும்மா இருக்கிறார். எர்ணாகுளத்துக்காரர், ‘கம்மட்டிப்பாட’த்துக்காக 2016-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது பெற்றவர், நிலம் பறிபோன மனிதர்களின் கோபத்தைத் திரையில் ஏற்கனவே சுமந்தவர். அந்தக் கோபம் உள்ளே இருப்பது நமக்குத் தெரியும் என்பதால் அவர் அதை வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஜோஜு கனமான உடம்பை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார். திலீஷ் போத்தன் அடிப்படையில் இயக்குநர். மற்றவன் பேசும்போது கேட்கத் தெரிந்த நடிகர். இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. நம் நடிகர்களில் பாதிப் பேர் எதிராளி பேசும்போது தன் அடுத்த வசனத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

குஞ்சாக்கோ போபன் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1997-இல் ஃபாசிலின் ‘அனியத்திப்ராவு’ படத்தில் கதாநாயகனாக வந்தவர் அவர். அதே கதையை அதே ஆண்டில் அதே இயக்குநர் தமிழில் ‘காதலுக்கு மரியாதை’ என்று எடுத்தபோது நாயகன் விஜய். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2022-இல், ஒரு மாத இடைவெளியில் இருவருக்குமே பணயக்கைதிப் படம் வந்தது. மார்ச்சில் ‘பட’, ஏப்ரல் 13 அன்று ‘பீஸ்ட்’. இவர் பொம்மைத் துப்பாக்கியோடு ஆளைப் பிடித்துவைப்பவர், அவர் மாலில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் முன்னாள் ரா உளவாளி. ‘பீஸ்ட்’ வேறு கணக்குக்காக எடுக்கப்பட்ட படம், அதை இதோடு தராசில் வைக்கப் போவதில்லை. ஆனால் நடிப்பு மாணவன் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: பிடிபட்டவர்களின் முகத்தில் கேமரா எவ்வளவு நேரம் தங்குகிறது?

நான் சொல்ல வந்ததே அதுதான். துப்பாக்கியின் எடை அதைப் பிடித்தவன் கையில் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தில் இருக்கிறது. ‘பட’த்தில் கலெக்டராக வரும் அர்ஜுன் ராதாகிருஷ்ணன் பெயரைப் போஸ்டரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், என் கணக்கில் அவர்தான் ஐந்தாவது நாயகன். (‘ராக்கெட் பாய்ஸ்’ தொடரில் அப்துல் கலாமாக வந்தவர் என்றால் உங்களுக்கு நினைவு வரும்.) வெளியூர்க்கார அதிகாரி, மலையாளம் வீட்டு மொழி அல்ல, நாற்காலி தன்னுடையது, அறை தன்னுடையது, ஆனால் எழுந்திருக்க முடியாது. பயத்தை அவர் நடுக்கமாகக் காட்டுவதில்லை. அதிகாரி என்ற மரியாதையை விடாமல் பிடித்துக்கொள்ள முயல்கிறார், அந்த முயற்சி அவ்வப்போது நழுவுகிறது. அந்த நழுவலில்தான் நால்வர் கையிலிருந்த பொம்மை இரும்பாகிறது. பணயக்கைதியாக நடிப்பவர்களை நம் ஊரில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஏஜென்டிடம் மொத்தமாகக் கேட்டு வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்தது போன். இந்தப் பாணிப் படங்களில் பாதி நடிப்பு போனில் நடக்கிறது. பிடித்துவைத்தவனோடு நிதானமாகப் பேசி நேரம் வாங்குவதை ஒரு முறையாகவே நியூயார்க் போலீஸ் 1973-இல் தொடங்கியது. முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நடந்த பணயக்கைதிச் சம்பவம் அதற்குத் தூண்டுதல். அதன் அடிப்படை பேச்சைவிடக் கேட்பதுதான் என்று அந்தத் துறைக்காரர்கள் சொல்வார்கள். ‘பட’த்தில் தலைமைச் செயலாளராக வரும் பிரகாஷ் ராஜ் செய்வதும் அதுதான். அவருக்கு இந்த நாற்காலி புதிதல்ல. ராதா மோகனின் ‘பயணம்’ (2011) படத்தில் விமானக் கடத்தலின்போது உள்துறைச் செயலாளராக இருந்தவர் அவரே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பயண’த்தில் நாடே பார்க்கிறது என்ற உணர்வு தோளில் இருக்கிறது. ‘பட’த்தில் சலிப்பும் சாமர்த்தியமும் கலந்த கோப்பு மனிதர்.

‘பயண’த்தை நடிகர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். கடத்தப்பட்ட விமானத்தில் ஒரு சினிமா நட்சத்திரம் இருப்பார், பப்ளு பிருத்விராஜ் நடித்த பாத்திரம். திரையில் நூறு பேரை அடிப்பவர் இங்கே ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று பக்கத்து ரசிகனுக்குப் புரியாது. நம் தொழிலைப் பற்றி நம் படங்கள் சொன்ன நேர்மையான நகைச்சுவைகளில் அது ஒன்று.

போன் காட்சியில் நம் செட்டுகளில் நடக்கும் ஒரு கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும். எதிர்முனையில் யாரும் இருக்க மாட்டார்கள். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று, எதிராளி வசனத்தை ரேஷன் கடை அட்டவணை படிப்பதுபோல் படிப்பார். நானும் படித்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு படத்தில், மகன் கடத்தப்பட்ட அப்பாவுக்கு எதிர்முனை நான்தான். நடுவில் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து மதியச் சாப்பாட்டுக் கணக்கு கேட்டார். நான் வசனத்தை நிறுத்தாமலே விரலால் எண்ணிக்கை காட்டினேன். அந்த மூத்த நடிகர் ஒன்றும் சொல்லவில்லை. டேக் ஓகே ஆனது. திரையில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது அவர் கண் என் விரலைப் பார்ப்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

‘உன்னைப் போல் ஒருவன்’ (2009) முழுக்க இப்படிப்பட்ட போன் மேல் நிற்கும் படம். மொட்டைமாடியில் கமல்ஹாசன், கட்டுப்பாட்டு அறையில் கமிஷனர் ராகவன் மாராராக மோகன்லால். கிட்டத்தட்டக் கடைசிவரை இருவரும் ஒரே ஃபிரேமில் இல்லை. ‘எ வெட்னஸ்டே’யின் மறுஆக்கம் என்பதாலும், அதன் அரசியல் வாதத்தாலும் அந்தப் படத்தோடு சண்டை போட நிறைய இருக்கிறது. ஆனால் மோகன்லால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் இடங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எதிர்முனைக்காரன் என்ன வேகத்தில் பேசுகிறான் என்பது இவர் இமையில் தெரியும். எதிர்முனைக்கு ஒரு ஆளை, முடிந்தால் அதே நடிகரை, போனிலேயே கொண்டுவருவதற்கு இன்றைக்கு ஒரு பைசா செலவில்லை. கால்ஷீட் போடும்போது இதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள் என்று மேனேஜர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டு ‘துறமுகம்’ படத்தைச் சொல்லாமல் போக முடியாது. சாப்பா என்ற உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் எறிவார்கள், அதைப் பிடித்தவனுக்குத்தான் அன்று வேலை. அந்த முறையை எதிர்த்த துறைமுகத் தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தார்கள். கே.எம். சிதம்பரனின் நாடகத்தை வைத்து ராஜீவ் ரவி எடுத்த அந்தப் படம் வெகுகாலம் முடங்கிக் கிடந்து 2023 மார்ச் 10 அன்று வந்தது, ‘பட’ வெளியாகிச் சரியாக ஓராண்டு. முதல் பகுதியில், கறுப்பு வெள்ளையில், ஜோஜு. அங்கே அவர் கூட்டத்தில் முட்டி மோதி வில்லைக்குப் பாயும் உடம்பு. அதே உடம்பு ‘பட’த்தில் ஒரு கலெக்டர் மேஜைக்கு முன் அடங்கி நிற்கிறது. மட்டாஞ்சேரியில் போலீஸ் கையில் இருந்தவை நிஜத் துப்பாக்கிகள்.

நான்காம் நாள் காலை அதே காட்சியை மறுபடி எடுத்தோம். முந்தைய நாள் சிரித்தவளைப் பணயக்கைதியாக உட்காரவைத்தேன். மட்டாஞ்சேரிப் பெண், தமிழ் பாதி புரியும். பையனிடம் துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டுக்கொள், வெளியே எடுக்காதே, கத்தாதே, பத்து நிமிடம் அவளை அறையை விட்டுப் போகவிடாதே என்று மட்டும் சொன்னேன். வசனம் கொடுக்கவில்லை.

இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பையன் பைக்குள் கையை விட்டபடி நின்றான். அவள் முதலில் ரோட்டு வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள், பிறகு காயல் வாசலை, பிறகு பையை. அவன் மூக்கைச் சொறியக் கையை வெளியே எடுத்தபோது உடம்பைப் பின்னுக்கு இழுத்தாள். அதன் பிறகு அவன் எப்போது கையை எடுத்தாலும் அறையில் எல்லோரும் அசைந்தார்கள். பக்கத்துக் கடைக்கு மூட்டை இறக்க வந்த சுமட்டுத் தொழிலாளி சாவி கேட்க எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்த்தது பையனை அல்ல, அவளை.

பத்து நிமிடம் முடிந்ததும், கடைசி மூன்று நிமிடம் நீ ஏன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவளைக் கேட்டேன். உள்ளங்கையில் கறுப்பு பெயின்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டாளாம். மரம் என்று அப்போதே தெரிந்துவிட்டதாம். காட்சிக்குள் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று திருத்திச் சொன்னாள்.

“அப்புறம் ஏன் எழுந்து போகலை?”

“அவனுக்கு கை விறைக்குதுன்னு கண்டு, சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியலை.”

பையன் கையை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். பெயின்ட் போகவில்லை.