உள்ளே போகிறது என்பதற்காகச் சுடலாமா?

"மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லைக்காக அப்பா பெயரில் உரிமம் எடுத்த பழைய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அதற்கு 65 மி.மீ. தோட்டாதான் வழக்கம். இந்த முறை 70 மி.மீ. தோட்டாதான் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் உள்ளே போகிறது. செல்போனில் பார்த்த வீடியோ ஒன்றில், லீவர் ரைபிளில் நீளத் தோட்டாவுக்குப் பதில் குட்டைத் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார்கள். அதுபோல இதிலும் மாற்றிச் சுடலாமா?"

- வாசகர், மணிமங்கலம்.

கூடாது. 65 மி.மீ. அறை உள்ள துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டாவைச் சுடவே கூடாது. தாராளமாக உள்ளே போனாலும் கூடாது. மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வாசகர் பார்த்த வீடியோ பொய்யில்லை. ஆனால் அதில் நடப்பது நேர் எதிரான காரியம். அங்கே நீளமான அறைக்குள் குட்டைத் தோட்டா போகிறது. மணிமங்கலத்தில் குட்டையான அறைக்குள் நீளத் தோட்டா போகிறது.

லீவர் ரைபிளில் விசைக்கு அடியில் வளையம் வைத்த நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுந்து, குழலுக்கு அடியில் உள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி உட்காரும். அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி 19-ம் நூற்றாண்டில் பெயரெடுத்தது இந்த ரைபிளால்தான். இப்போது விற்கும் லீவர் ரைபிள்களில் பல, .357 மேக்னம் என்ற தோட்டாவுக்காகச் செய்தவை. அவற்றில் .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவையும் சுடுகிறார்கள். பெயரில் எண் வேறாக இருந்தாலும் இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஒன்றுதான், 9 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். .38 ஸ்பெஷலின் கூடு சுமார் 29 மி.மீ., .357-ன் கூடு சுமார் 33 மி.மீ. இரண்டுக்கும் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் தோட்டாவை அறையில் பிடித்து நிறுத்துகிறது. அதனால் முன்பக்கம் நான்கு மி.மீ. காலியாகக் கிடந்தாலும் பாதகமில்லை. குட்டைத் தோட்டாவில் அழுத்தம் குறைவு, உதை குறைவு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1935-ல் .357 மேக்னம் விற்பனைக்கு வந்தபோது, அதன் கூட்டை வேண்டுமென்றேதான் நீட்டினார்கள். அதிக அழுத்தம் கொண்ட புதுத் தோட்டா, பழைய .38 ரிவால்வருக்குள் முழுதாக நுழைந்துவிடக் கூடாது என்பது நோக்கம். நீளமே அங்கே காவல்காரன். 1955-ல் .44 ஸ்பெஷலை நீட்டி .44 மேக்னம் செய்தபோதும் இதே ஏற்பாடுதான். குட்டை நீளத்துக்குள் போகும், நீளம் குட்டைக்குள் போகாது.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. தோட்டா ரொம்பக் குட்டையாக இருந்தால், மேலே ஏற்றும் தூக்கியில் அடுத்த தோட்டாவின் மூக்கும் சேர்ந்து நுழைந்து இயந்திரம் சிக்கிக்கொள்ளும். குட்டைத் தோட்டா நிறையச் சுட்டால், அறையின் முன்பகுதியில் கரி வளையமாகப் படியும். சுத்தம் செய்யாமல் நீளத் தோட்டாவைப் போட்டால் இறுகி மாட்டிக்கொள்ளும்.

சரி, மணிமங்கலத்துத் துப்பாக்கிக்கு வருவோம். ரவைத் தோட்டாவில் அந்தக் காவல்காரன் கிடையாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. மளிகைக் கடைப் பொட்டலத்தின் வாயை மடிப்பதுபோல, ரவைத் தோட்டாவின் வாயை உள்ளே மடித்து மூடியிருப்பார்கள். பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது, சுட்டு மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவை ஸ்கேல் வைத்து அளந்தால் 60 மி.மீ. பக்கத்தில்தான் இருக்கும். அதனால் 65 மி.மீ. அறைக்குள் அது வழுக்கிக்கொண்டு போகிறது. துப்பாக்கியும் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும். போட்டுப் பார்த்த கைக்கு எந்தச் சந்தேகமும் வராது.

சுட்டதும் மடிப்பு விரிய இடம் வேண்டும். அறை முடிகிற இடத்தில் குழல் சரிவாகக் குறுகி, சுமார் 18.5 மி.மீ. அகலத்துக்கு வருகிறது. நீளத் தோட்டாவின் வாய் அந்தச் சரிவுக்குள் போய் விரிகிறது. ஏற்கெனவே குறுகலான இடத்தில் இந்த மடிப்பும் சேர்ந்துகொள்ள, ரவையும் தக்கையும் அதன் வழியே பிதுங்கித்தான் வெளியே வர வேண்டும். பின்னால் வெடிமருந்தின் அழுத்தம் எகிறுகிறது. பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டாவில் ரவையும் கூடுதல், அதனால் சுமையும் கூடுதல். புதுத் துப்பாக்கி சில தடவை தாங்கிவிடும். 'நாலு தோட்டா சுட்டேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்கிறவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். அப்பா காலத்துத் துப்பாக்கியில் பூட்டு தளரும், குழல் புடைக்கும், ஒரு நாள் பிளக்கும். பிளக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இடது கை பிடித்திருக்கும், அதற்கு மேலே முகம் சாய்ந்திருக்கும்.

அறையின் நீளத்தைத் தோட்டா போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு குழலும் காலி என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தால், அடிப்பக்கத் தட்டையான பகுதியில் முத்திரைகள் தெரியும். 65 அல்லது 70 என்றோ, ஆங்கிலேயத் துப்பாக்கியாக இருந்தால் இரண்டரை அங்குலம், இரண்டே முக்கால் அங்குலம் என்றோ பொறித்திருக்கும். இரண்டரை என்பது 65-க்கு உரியது, இரண்டே முக்கால் 70-க்கு உரியது. முத்திரை தேய்ந்து போயிருந்தால், உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் உள்ள மெக்கானிக் அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்வார். குழலின் மேல் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாகக் கோலம் தெரிந்தால், அது இரும்புப் பட்டைகளைச் சுற்றிச் செய்த மிகப் பழைய குழல். அதில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை எந்த நீளத்திலும் போடாமல் இருப்பது நல்லது.

70 மி.மீ. அறையில் 65 மி.மீ. தோட்டாவைச் சுடலாம். வீடியோவில் பார்த்த கதைக்கு இதுதான் சரியான ஜோடி.

இன்னொரு தவறும் வீடுகளில் நடக்கக்கூடியது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி, அறையைத் தாண்டிச் சரிவில் போய் உட்கார்ந்துவிடும். சுட்டால் சத்தம் வராது. காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் தோட்டா வாங்கும் பழக்கமே வேண்டாம். சட்டப்படியும் அது தப்பு.

சட்டம் என்று வந்ததால், வாசகரின் கடிதத்தில் உள்ள இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உரிமம் அப்பா பெயரில், போட்டுப் பார்த்தது மகன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருக்கவோ எடுத்துப்போகவோ கூடாது. பழுது பார்க்கவோ உரிமத்தைப் புதுப்பிக்கவோ உரிமதாரர் எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்துப்போகலாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது அப்பா கையெழுத்திட்ட கடிதம் கையில் இருக்கட்டும். அப்பாவுக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, 2016-ம் வருட ஆயுத விதிகளின்படி வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் போக வேண்டிய இடமும் மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது. மணிமங்கலம், கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் காவல் நிலையங்கள் அதற்குள் வருகின்றன. காவல் ஆணையர் உள்ள பகுதியில், ஆயுதச் சட்டத்தின் கணக்கில் மாவட்ட நடுவர் என்பவர் அவர்தான். பழைய நினைப்பில் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து அலைய வேண்டாம்.

லீவர் ரைபிளே வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டம் முதலில் சொல்வது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரியில்லாத வேறு துப்பாக்கி தரலாம். ரைபிள் இந்தக் கணக்கில் வராது. வராததும் நல்லதுதான். படப்பை, முடிச்சூர் பக்கம் வயலை ஒட்டியே வீட்டுமனைகள் வந்துவிட்டன. ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். பெரிய எஸ்.ஜி. ரவைகூட அரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும்.

துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதும், பன்றியைச் சுட அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-வது அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. தூரம் வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள். மணிமங்கலம் வாசகர் சர்வே எண்ணையும், பயிர்ச் சேதத்தின் போட்டோவையும் வைத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அந்த 70 மி.மீ. தோட்டாக்களை வீட்டில் 65 மி.மீ. தோட்டாக்களோடு கலந்து வைக்காமல், வாங்கிய விற்பனையாளரிடமே பேசி, உரிமத்தில் பதிந்த கணக்கையும் சரிசெய்துகொள்ளட்டும்.