நாடி பார்க்கத் தெரியாத இன்ஜினியர்

விரலில் மாட்டினால் இதயத்துடிப்பைக் காட்டும் கருவிதான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ரிவியூவில் நல்ல மார்க். போன மாசம் ஊருக்குப் போனப்போ பாட்டியோட பசு தீவனம் எடுக்கல. கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன். "காய்ச்சல் எவ்வளவு? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுது?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல.

ஸ்கூல்ல இதயத்தின் நாலு அறையையும் வரைஞ்சு பாகம் குறிச்சவன் நான். ஆனா ஒரு துடிப்பைக்கூட யாரும் எண்ணச் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தரலாம். மணிக்கட்டில் இரண்டு விரல் வெச்சு, 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கணும். ஓய்வில் இருக்கிற பெரியவங்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கும். பசுவோட இயல்பான உடல் வெப்பமே சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல், அதுக்கு நார்மல்!

"மாடு உதைச்சா?"ன்னு கேட்பீங்க. தெர்மாமீட்டர் வைக்கிறதைப் பெரியவங்க பார்த்துக்கட்டும். மூச்சைத் தள்ளி நின்னு, விலா ஏறி இறங்குறதைப் பார்த்தே எண்ணலாம்.

இது மாட்டோட முடியுற விஷயமும் இல்லை. இருமல் இருக்கிற இரண்டு வயசுக் குழந்தை, அழாம அமைதியா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 40 தடவைக்கு மேல மூச்சு விட்டா, நிமோனியாவா இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட போகணும். அதை எண்ண ஒரு கடிகாரமும், எண்ணத் தெரிஞ்ச ஒரு அக்காவும் போதும்.

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரம் நடுவோம், சரி. கூடவே அந்த ஊர்ப் பசங்களுக்கு நாடி பார்க்கவும் சொல்லித் தருவோமா? முதல்ல நாம கத்துக்கணும்.