கையெழுத்து கண் தராது

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசிய கண்தான இருவாரம். கோவையில் அந்த நாட்களில் பதாகைக்கும் ஊர்வலத்துக்கும் பஞ்சமிருக்காது. இது போதாதென்று நடிகர் பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள், கல்லூரி விழா என்று வருஷம் முழுக்க முகாம். மேசை போட்டு, படிவம் நீட்டி, கையெழுத்து வாங்கி, அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாள் செய்தியில் 'இத்தனை பேர் கண்தானம்' என்று வருகிறது. அவர்களில் ஒருவரும் இன்னும் கண்ணைத் தந்துவிடவில்லை என்பது யாருக்கும் உறுத்துவதில்லை.

கையெழுத்துப் போட்டதோடு கடமை முடிந்தது, செத்தால் ஆஸ்பத்திரிக்காரர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் பரவலான நம்பிக்கை. நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான். ஆனால் கருவிழிகள் வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சாவு நடந்ததைக் கண் வங்கி எப்படி அறியும்? வீட்டிலிருந்து போன் போனால்தான் உண்டு. அதுவும் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். சிங்காநல்லூரில் ஓர் இழவு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவர் பந்தலுக்குச் சொல்கிறார், இன்னொருவர் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் போன் போடுகிறார். பிணத்துக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. அரைக்கண் திறந்திருந்தால் அந்தக் காற்றிலேயே கருவிழி உலர்ந்துபோகும். விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். அட்டையோ பீரோவில் பத்திரப்பதிவுக் காகிதங்களுக்கு அடியில் கிடக்கிறது. விவரம் தெரிந்த யாராவது பேச்செடுத்தாலும், "பெரிய பையன் வந்துரட்டுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்கிறார்கள். பையன் பெங்களூரிலிருந்து வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், 2011 திருத்தத்துக்குப் பின் திசுக்களையும் சேர்த்துக்கொண்டது. நெருங்கிய உறவினர் ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவைத்த சம்மதத்துக்கு அதில் மதிப்பு உண்டு. அப்படி எழுதிவைக்காமலே ஒருவர் இறந்து, உயிரோடிருந்தபோது மறுப்பும் சொல்லியிருக்காவிட்டால், குடும்பமே சம்மதம் தரலாம். ஆக, அட்டை இல்லாதவரின் கண்ணையும் தரலாம். அட்டை இருந்தாலும், வாசலில் அழுதுகொண்டிருக்கும் மனைவி வேண்டாமென்றால் எந்த மருத்துவரும் கத்தியை எடுப்பதில்லை. எடுக்காமலிருப்பதே சரி.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்தது ஒரு பாடம். புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் அலிஸ்டர் குக் 2004இல், 95 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் எலும்புகளைக் குடும்பத்துக்குத் தெரியாமல் திருடி விற்றது ஒரு திசு வியாபாரக் கும்பல். ஆவணத்தில் வயது 85, காரணம் மாரடைப்பு! சம்மதப் படிவமும் போலி. கும்பலின் தலைவனான முன்னாள் பல் மருத்துவருக்கு 2008இல் சிறைத்தண்டனை கிடைத்தது. இறந்தவர் வீட்டாரிடம் நேரில் பேசுவதைச் சம்பிரதாயம் என்று தள்ளுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்கட்டும்.

நேர்மையான வங்கியின் வேலை வேறு மாதிரி. போன் வந்ததும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் வீட்டுக்கே வருகிறார். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, மேகநோய்ப் பரிசோதனைகளுக்காகக் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார். இப்போது பெரும்பாலும் முழுக் கண்ணையும் தோண்டுவதில்லை. கருவிழியையும் அதைச் சுற்றிய வெள்ளை விளிம்பையும் மட்டும் எடுக்கிறார்கள். முகம் விகாரமாவதில்லை. மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் கரைசலில் அது 14 நாள்வரை தாங்கும். பிறகு நுண்ணோக்கியில் உள்ளடுக்குச் செல்களை எண்ணுகிறார்கள். பார்வைக்கான அறுவைக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,000 செல்களாவது வேண்டும். தேறாதவை ஆராய்ச்சிக்கோ பயிற்சிக்கோ போகலாம். இதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகாம் மேசையில் இதையெல்லாம் சொல்ல யாருக்கு நேரம்?

கண்ணுக்கே இப்படியென்றால், முகாம்கள் தோல்தானத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதே அரிது. கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தால்தான் எதையும் தர முடியும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஓரளவு பொருந்தும் விதி அது. கண்ணையும் தோலையும் வீட்டுக் கட்டிலில் இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். தொடையிலும் முதுகிலும் மெல்லிய மேலடுக்கை மட்டும் சீவி, கட்டுப் போட்டுவிடுவார்கள். கிளிசராலில் பதப்படுத்திய அந்தத் தோல் தீக்காயப்பட்டவரின் புண்ணை மூடி, நோய்த்தொற்றையும் வலியையும் குறைக்கும்.

இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது. இத்தனை காலத்துக்குப் பிறகும் உறுதிமொழிகளை எண்ணிக்கொண்டிருப்பது கேவலம். ஐதராபாத் எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் ராமாயம்மா கண் வங்கி, மருத்துவமனைகளிலேயே ஆலோசகர்களை அமர்த்தி, இறப்பு நேரும்போது குடும்பத்தாரிடம் பேசவைக்கிறது. சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற பெரிய இடம் இருக்கும்போது, பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் சங்கங்கள் அப்படியொரு ஆலோசகருக்குச் சம்பளம் தரலாம். ஆண்டு முடிவில் எத்தனை படிவம் நிரம்பியது என்பதை விட்டுவிட்டு, எத்தனை கருவிழி வந்தது, எத்தனை பொருத்தப்பட்டது என்று கணக்கு வெளியிடட்டும்.